முன்மேசையும் முன்பல்லும்

பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்காருகிறவளுக்குச் சம்பளத்தோடு ஒரு தண்டனையும் உண்டு: படியேறி வருகிற ஒவ்வொருவரும் முதலில் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

உத்தமபாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற பல் ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக நான் அந்த மேசையில் இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பேர் எழுதுவது, டாக்டரம்மா கூப்பிட்டால் உள்ளே ஓடி லைட்டைப் பிடிப்பது எல்லாம் நான்தான். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. அதே வருடம்தான் அடிகுழாயின் கைப்பிடி எகிறி என் முன்பல் ஒன்றின் முனையைக் கொண்டுபோனது. மிச்சப் பல்லெல்லாம் ஆழ்குழாய்ப் போர்த் தண்ணீர் குடித்துக் குடித்துப் பழுப்புக் கோடு விழுந்தவை. சிரிப்பு வந்தால் என் கை தானாக வாய்க்குப் போய்விடும். உங்களிலும் எத்தனையோ பேர் அப்படி என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டு போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யார் மேலோ கோபம் போல நிற்பீர்களே, நீங்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல்லைப் பற்றிய கவலை எனக்குப் பழசு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அது தூக்கத்தைக் கெடுக்கிற கவலையானது. முதலில் வந்த வரன் தட்டிப்போனது. தரகர் இரண்டு நாள் மழுப்பிவிட்டு மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னார். பெண்ணைப் பற்றி அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லையாம். அம்மாவைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பெண்ணுக்கும் இப்படித்தானே பல் ஆகும் என்றார்களாம். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற ஜனங்கள் அல்லவா நாம்! என் மகளுக்கு வரிசைப் பல். தேனியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவள் சிரித்துக்கொண்டே குத்தினால் ஊசி வலிப்பதே தெரியாது என்பார்கள். அப்பேர்ப்பட்டவளின் கல்யாணம் என் வாயில் மாட்டிக்கொண்டு நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போர்டுக்குக் கீழே நான்

டாக்டரம்மா கம்போசிட் வெனீர் என்கிற வேலையை ஆரம்பித்த வாரம், மதுரையில் சொல்லி ஒரு பெரிய போர்டு அடித்து வந்தது. ‘ஒரே நாளில் அழகான சிரிப்பு’ என்று எழுதி, பக்கத்தில் சோளப்பொரி மாதிரிப் பல்லோடு ஒரு பெண் படம். மாட்ட வந்த ஆள், சுவரில் வேறு இடமே இல்லாததுபோல என் நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார். மேலே அவள், கீழே நான். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று விளம்பரத்தில் இரண்டு படம் போடுவார்களே, அப்படி ஆகிவிட்டது என் நிலைமை.

மூன்றாம் நாள் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. நான் எழுந்து நின்று, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். பல்லின் நிறத்திலேயே ஒரு பசை. அதைப் பல்லின் முன்பக்கத்தில் ஏடு ஏடாக வைத்து நீல லைட்டைக் காட்டினால் கல்லாக இறுகும். இடைவெளி மூடும், கறை மறையும், உடைந்த முனை வளரும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே போர்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை, மறுபடி போர்டை ஒரு தடவை பார்த்தார். வாயைப் பொத்தலாம் என்றால் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா. கடைசியில் மனைவியை எழுப்பிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “கோவிச்சுக்கிராதீக தாயி. கடைக்காரவுக வீட்லயே வாங்காத சரக்க நாங்க எப்படி நம்பி வாங்குறது?”

பட்டி பார்ப்பவர்

ஜனங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவேண்டும் என்று நானாக ஒரு உதாரணம் கண்டுபிடித்தேன். பீங்கான் வெனீர் என்பது சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது. பல்லைக் கொஞ்சம் சீவி, அளவெடுத்து, லேபுக்கு அனுப்பி, செய்து வந்த பிறகு ஒட்டவேண்டும். செலவும் கூட, நாளும் கூட, ஆனால் நீண்ட காலம் உழைக்கும். கம்போசிட் என்பது சுவருக்குப் பட்டி பார்ப்பது. அன்றைக்கே, இங்கேயே, கையாலேயே பூசி இழைத்து முடித்துவிடலாம். சில்லுப் போனால் அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். டீயும் மஞ்சளும் பட்டுப் பட்டு நிறம் மங்கும், அப்போதைக்கப்போது வந்து பாலிஷ் போடவேண்டும். இந்த உதாரணத்தில் எனக்கு ஏகப் பெருமை. இவள் ஏழாவது படித்தவள் என்று யார் சொல்வார்கள்?

ஒரு நாள் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் திட்டோடு வந்த ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் நிஜமான பெயிண்டர். விடுவாரா? சுவத்தத் தேய்ப்பீகளா, ஈரமிருந்தா என்ன செய்வீக, பிரைமர் உண்டா, எத்தனை கோட்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க, நேரா வச்சு ஒட்டிருவாக” என்று அடித்துவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நல்லவேளை, டாக்டரம்மா வெளியே வந்தார். முதலில் பல்லில் ஒரு அமிலக் களிம்பைத் தடவிக் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாக்குவோம், கழுவிக் காயவைப்போம், பிடிமானத்துக்கு ஒரு மருந்து பூசுவோம், அதற்குப் பிறகுதான் பசை. இதையெல்லாம் செய்யாமல் வைத்தால் தானே கழன்று விழுந்துவிடும் என்று அவர் விளக்கினார். பெயிண்டர் நிம்மதியாக மறுபடி உட்கார்ந்து, என்னைக் கைகாட்டி அவரிடம் சொன்னார்: “இந்தக்கா சொன்ன மாதிரி நான் பட்டி வச்சிருந்தா, இந்த ஊர்ல ஒருத்தரும் என்னைய வாசப்படி ஏற விட்ருக்க மாட்டாக டாக்டரம்மா.”

டீக்கடையில் நடந்த தேர்தல்

வெனீர் வைக்கப்போகிறவர்கள் கவனிக்கவேண்டியது நிறம். ஒரு பட்டையில் பதினாறு மாதிரிப் பல்லைக் கோத்து வைத்திருப்பார்கள். வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டா என்று மலைத்துப்போவீர்கள். ட்யூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்பார் டாக்டரம்மா. மகன் கல்யாணத்துக்காகப் பல்லைச் சரிசெய்ய வந்த சின்னமனூர் அம்மா ஒருவரிடம் இதைச் சொல்லி, அந்தப் பட்டையைக் கையில் கொடுத்து, “வெளிச்சத்துல போய்ப் பாத்துட்டு வாங்க” என்றேன். ஜன்னலோரம் போவார் என்று நினைத்தேன்.

அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். கால் மணி நேரம் ஆளைக் காணவில்லை. பட்டை தொலைந்தால் என்ன ஆகும் என்று நான் தவியாய்த் தவித்து எட்டிப் பார்த்தால், கீழே டீக்கடை வாசலில் கல்யாணப் பட்டுப்புடவையைப் பிரித்து, அதன்மேல் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் எட்டுப் பேர். ஜவுளிக்கடையில் மேட்சிங் பிளவுஸ் எடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பட்டையைப் பிடுங்கி, புடவைக்குப் பொருத்தம் பார்க்கக்கூடாது, பக்கத்துப் பல்லுக்குத்தான் பார்க்கவேண்டும் என்று கத்தினேன். அந்த அம்மா கொஞ்சம்கூட அசராமல் தீர்ப்புச் சொன்னார்: “டீ மாஸ்டர்லருந்து எல்லாரும் இந்த ரெண்டாவதுதான் எடுப்பா இருக்குங்கிறாக. எங்க வீட்டுக்காரருதான், எது அழுக்குத் தாங்கும்னு கேட்டுச் சொல்லுங்கிறாரு.”

கவருக்குள் இருந்த சீட்டு

வெனீர் வைத்த பிறகு செய்யக்கூடாதவை என்று ஒரு சீட்டு உண்டு. கரும்பு கடிக்காதே, கொய்யாக்காய் கடிக்காதே, நகம் கடிக்காதே, பூக்கட்டிய நூலைப் பல்லால் அறுக்காதே. அதை ஜனங்கள் தொலைத்துவிடக்கூடாதே என்ற கவலையில், நானே ஒவ்வொரு சீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாய்ப்பக்கம் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டிக் கொடுப்பேன். தண்ணீரில் விழுந்தாலும் நனையாது. யாரும் சொல்லாமல் நானாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கேரளா மலையில் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர் ஒருவர் முன்பல் இரண்டுக்கும் வெனீர் வைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே திரும்பி வந்து, கைக்குட்டையில் முடிந்த ஒரு சில்லை மேசைமேல் வைத்தார். எனக்கு வந்ததே கோபம். சொன்னதைக் கேட்கவேண்டாமா, சீட்டை ஒரு தடவையாவது வாசிக்கவேண்டாமா, இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டு டேப் ஒட்டிக் கொடுக்கிறேன் என்று பிடிபிடியென்று பிடித்தேன். காத்திருந்தவர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்று ஒரு திருப்தி. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சீட்ட வாசிக்கத்தான் சேச்சி கவரைக் கடிச்சேன்.”

எட்டுப் பல்

கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். பல் மஞ்சளாக இருக்கிறதாம், சிரிக்கவே வெட்கமாக இருக்கிறதாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு அவளில் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. உள்ளே போவதற்கு முன்பே வாயைத் திறக்கச் சொல்லி எண்ணி, மேலே ஆறு, கீழே ரெண்டு, ஆக எட்டுக்கு வெனீர் போட்டுவிடலாம் என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா அரை மணி நேரம் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார். வெளியே வந்தவளின் பல் பளிச்சென்று இருந்தது. மேலே படிந்திருந்த காறைதானாம், வெனீரே தேவையில்லையாம். நான் எழுதிய சீட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: “அக்கா, எனக்குப் பதிலா நீங்க டாக்டருக்குப் படிச்சிருந்தீங்கன்னா, நம்ம ஆஸ்பத்திரி இந்நேரம் மூணு மாடி ஆயிருக்கும்.”

என் முறை

அப்புறம் வடுகபட்டி வரன் வந்தது. பையனின் அம்மா பூண்டு மண்டி நடத்துகிறவர். வீட்டுக்காரர் காலமான பிறகு தனி ஆளாக நின்று வியாபாரம் பார்க்கிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். இந்தத் தடவையும் என் வாயால் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பேன்? டாக்டரம்மாவோ, என் கறை உள்ளுக்குள் இறங்கினது, சுத்தம் செய்தால் போகாது, நாலு பல்லுக்கு வெனீர் வைத்தால் சரியாகிவிடும், நானே வைத்துவிடுகிறேன் என்று எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊராருக்கெல்லாம் அரை நிமிடத்தில் முடிவு சொல்கிறவள், எனக்கென்று வந்ததும் முழி பிதுங்கினேன். முதல் தடவை கேட்டபோது ஆடி முடியட்டும் என்றேன். ஆடி முடிந்தது. இந்த வாரம் கேட்டபோது அஷ்டமி என்றேன். தூக்கத்தில் கழன்று தொண்டையில் சிக்கிச் செத்துப்போனால் என்றேன். மகளுக்குக் கல்யாண வயசில் அம்மாக்காரிக்கு மினுக்கு கேட்கிறதா என்று எங்கள் ஊர் தேவாரத்தில், எங்கள் தெருவில் பேசமாட்டார்களா என்றேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் பஞ்சர்க்கடை வைத்திருக்கிறவர். ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டார்: எப்படி ஒட்டுவாக, எத்தனை வருசம் தாங்கும்? நாலைந்து வருடம் தாங்கும் என்கிறார்கள் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “நான் ஒட்டுறதுக்கே ஆறு மாசந்தான் பொறுப்பு. எதுக்கும் ஸ்டெப்னி ஒண்ணு கேட்டு வாங்கிக்க.”

ஒட்டாமல் வைத்தது

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். டாக்டரம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். களிம்பு கிடையாது, பிடிமான மருந்து கிடையாது, பசையைச் சும்மா மேலே வைத்து இறுக்கிக் காட்டுகிறேன், கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள், பிடிக்கவில்லையென்றால் நெம்பினால் வந்துவிடும் என்றார். குழப்பவாதிகளுக்காகவே இப்படி ஒரு ஒத்திகை இருக்கிறது. நீங்களும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள்.

கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்தேன். அதில் யாரோ ஒருத்தி சிரித்தாள். என் கை வாய்க்குப் போகவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்த நேரத்தில், காலையில் பல் பிடுங்கிக்கொண்டு போன ஒருவர் ரத்தம் நிற்கவில்லை என்று துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே மயங்கிச் சாய்ந்தார். டாக்டரம்மா அங்கே ஓடினார். அந்தக் களேபரத்தில் என் போன் அடித்தது. மகள். ஞாயிற்றுக்கிழமை கரிநாளாம், அதனால் வடுகபட்டிக்காரர்கள் இன்றைக்கே கிளம்பிவிட்டார்களாம், நாலு மணிக்கு வந்துவிடுவார்களாம். தேவாரம் பஸ் கிளம்புகிற நேரம். பையை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினேன். மாடியிலிருந்து டாக்டரம்மா கத்தினார்: “அக்கா, அது நிக்காது! எதையும் கடிக்காதீங்க! முக்கியமா வாயத் தொறந்து பேசாதீங்க!”

அல்வாத் துண்டு

வந்தவர்கள் மூன்று பேர்: பையன், அவன் தாய்மாமன், பூண்டு மண்டி அம்மா. பையன் பார்க்க நல்லவிதமாக இருந்தான். மகளுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் காபி வைத்த கையிலேயே தெரிந்தது. நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். வாய் நிறையச் சிரித்தேன். ஆனால் பேசவில்லை. பொண்ணு என்ன படிச்சிருக்கு என்றால் சிரிப்பு. உங்களுக்குப் பிறந்த ஊர் எது மதினி என்றால் சிரிப்பு. உங்க பக்கம் மழை உண்டா என்றால் தலையாட்டிச் சிரிப்பு. வீட்டுக்காரர் என்னை முறைத்து முறைத்துப் பார்த்தார். கல்யாணமான நாள் முதலாக நான் இத்தனை நேரம் பேசாமல் இருந்து அவர் கண்டதில்லை. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். முனை உடைந்த பல்லின் மேலிருந்தது ஆடத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பிடித்துவிட்டால், பையனின் அம்மா தான் கொண்டுவந்த இனிப்பைப் பிரித்துப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டுவார். அதை வாங்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் சம்மதம். அதற்கப்புறம்தான் அவர்கள் நம் வீட்டில் சாப்பாட்டில் கை நனைப்பார்கள். பூண்டு மண்டி அம்மா அல்வாவை எடுத்தார். சாதாரணத் துண்டு இல்லை, அரைக் கை அகலம். “ஆத்தா, வாயத் தொற” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். மறுபடி நீட்டினார். மறுபடி திருப்பினேன். அவர் அல்வாவைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கிளம்புங்கப்பா. பொண்ணப் பெத்தவளுக்கு மனசில்ல. வற்புறுத்திச் சம்பந்தம் பண்ண முடியுமா?” என்றார். அடுக்களை வாசலில் நின்ற என் மகளின் முகத்தை அப்போது பார்த்தேன்.

“ஐயோ, போயிராதீக மதினி!” என்று அலறினேன். அலறிய வேகத்தில் பல் பறந்துபோய் அல்வாத் தட்டில் விழுந்தது. தாய்மாமன் இரண்டடி பின்வாங்கினார். இனி மறைக்க என்ன இருக்கிறது? போர்த் தண்ணீரிலிருந்து தட்டிப்போன வரன் வரைக்கும், ஒத்திகையிலிருந்து கரிநாள் வரைக்கும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மா விழுந்ததை எடுத்து, பூண்டுப் பல்லைத் தரம் பார்க்கிற மாதிரி விரல் நடுவில் உருட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதமே அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் பெஞ்சில் இருந்துவிட்டுப் போனாராம். எனக்கு நினைவே இல்லை. முகத்தை வைத்து ஆளைத் தெரியாது எனக்கு, வாயைத் திறந்து காட்டினால்தான் தெரியும். “உன் பல்லும் தெரியும், உன் வாயும் தெரியும். ஒருத்தர் விடாம வாயத் தொறந்து பேசுற பொம்பள வீட்ல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இருக்காதுன்னுதான நம்பி வந்தேன்? இன்னைக்கு நீ ஊமைச்சியாட்டம் உக்காந்திருக்கவும், என்னத்த மறைக்கிறாகளோன்னு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. இப்பத் தொறடி வாய!”

ஒத்திகை முடிந்த பிறகு

திறந்தேன். அல்வா உள்ளே போனது. அதோடு இரண்டாவது பல்லும் போனது. மறுநாள் டாக்டரம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, வந்த வழியில் போய்விடும் என்றார். மிச்சம் இரண்டை நெம்பி எடுத்துவிட்டு, வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டார். அஷ்டமியா நவமியா என்று நான் கேட்கவில்லை. களிம்பு, மருந்து, பசை எல்லாம் முறைப்படி. போர்டில் இருக்கிறவள் மாதிரி வெள்ளை வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். பக்கத்துப் பல்லோடு சேரவேண்டும் என்று டாக்டரம்மா ஒரு மங்கல் நிறத்தைத்தான் வைத்தார். முதல் நாள் வருத்தமாக இருந்தது. இப்போது பார்த்தால் பிறந்ததிலிருந்தே இருந்த பல் மாதிரி இருக்கிறது. நீங்கள் வைப்பதானால் நீங்களும் டீக்கடையைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வாயைப் பொத்த ஒரு தடவைகூடக் கை எழவில்லை. மகளுக்கு இந்தப் பக்கம் நான், மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் பூண்டு மண்டி மதினி. இத்தனை வருடத்துச் சிரிப்பையும் ஒரே நாளில் சிரித்துத் தீர்த்துவிடுவது என்று நின்றேன். போட்டோக்காரர் மூன்று தடவை எடுத்துப் பார்த்தார், மூன்று தடவையும் உதட்டைப் பிதுக்கினார். கேமராவை இறக்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: “அம்மா, பொண்ணு நீங்க இல்ல. ஒரே ஒரு போட்டோவுக்கு மட்டும் வாய மூடுங்கம்மா, புண்ணியமாப் போகும்.”

ஏழு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பல்லுக்குப் பசை வைக்க டாக்டர் போதும், நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் போதும், ஆனால் என்னைப் போன்றவளை வாயைத் திறக்கவைக்க அரைக் கை அகலத்தில் அல்வாவோடு ஒரு சம்பந்தி வரவேண்டியிருக்கிறது.